வீட்டு வாசலில் ஒரு அபராதச் சீட்டு



நம் குடியிருப்பில் பலருடைய பிள்ளைகள் லண்டனிலும் அதைச் சுற்றியும் இருக்கிறார்கள். நாமும் அவ்வப்போது போய் சில மாதங்கள் தங்கி வருகிறோம். அங்கே அடிக்கடி காதில் விழும் புலம்பல் இது: "என் வீட்டு வாசலில் என் காரை நிறுத்தியதற்கே கவுன்சில் அபராதம் போட்டுவிட்டது!" இந்த அபராதமும் அதை எதிர்த்து முறையிடும் உரிமையும் எப்படி வந்தன என்பது தெரிந்திருந்தால், சீட்டைப் பார்த்ததும் பதறிப்போய்ப் பணம் கட்ட மாட்டோம்.

லண்டனில் முதல் பார்க்கிங் மீட்டர்கள் 1958 ஜூலை 10 அன்று மேஃபேர் பகுதியில் வந்தன. ஒரு மணி நேரத்துக்கு 6 பென்ஸ். 1960 செப்டம்பரில் டிராஃபிக் வார்டன்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் எழுதிய முதல் சீட்டு, மாரடைப்பு வந்த ஒருவரைப் பார்க்க அவசரமாகப் போயிருந்த ஒரு டாக்டரின் காருக்கு! 2 பவுண்டு அபராதம். பத்திரிகைகளில் கண்டனம் எழுந்ததும் அது ரத்தானது. அபராதம் பிறந்தபோதே ஆட்சேபணையும் கூடப் பிறந்துவிட்டது.

அந்தக் காலத்தில் தவறான இடத்தில் கார் நிறுத்துவது கிரிமினல் குற்றம். வார்டன்கள் போலீசின் கீழ் வேலை செய்தார்கள், வழக்கு மாஜிஸ்டிரேட் கோர்ட்டுக்குப் போகும், அபராதப் பணம் மத்திய அரசின் கஜானாவுக்குச் சேரும். 1991ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் இதை மாற்றியது. பெரும்பாலான பார்க்கிங் தவறுகள் கிரிமினல் பட்டியலிலிருந்து நீங்கி, அபராதம் போடுவதும் வசூலிப்பதும் கவுன்சில்களின் கைக்கு வந்தன. லண்டனில் இது 1993, 94இல் நடைமுறையானது.

வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழும். வவுச்சர் எழுதியவரே அதைப் பாஸ் செய்யலாமா? கூடாது. சீட்டு எழுதுவது கவுன்சில், பணம் பெறுவதும் கவுன்சில் என்றால் ஆட்சேபணையைக் கேட்பது யார்? அதற்காகத்தான் அதே சட்டம் கவுன்சிலுக்குக் கட்டுப்படாத நடுவர்களை ஏற்படுத்தியது. இன்று லண்டனுக்கு ஒரு தீர்ப்பாயமும், இங்கிலாந்தின் பிற பகுதிகளுக்கும் வேல்ஸுக்கும் இன்னொன்றும் உள்ளன. முறையீட்டுக்குக் கட்டணம் கிடையாது.

முறை இதுதான். கண்ணாடியில் ஒட்டிய சீட்டுக்கு 14 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை போதும். அந்த 14 நாளுக்குள்ளேயே கவுன்சிலுக்கு எழுதிக் கேட்கலாம். மறுத்துவிட்டால், கார் உரிமையாளருக்கு முறையான நோட்டீஸ் வரும். அதற்கு 28 நாளுக்குள் ஆட்சேபணை தர வேண்டும். 56 நாளுக்குள் கவுன்சில் பதில் தராவிட்டால் ஆட்சேபணை ஏற்கப்பட்டதாகவே சட்டம் கொள்ளும். அதையும் மறுத்தால், அடுத்த 28 நாளுக்குள் நடுவரிடம் போகலாம். ஆனால் கடைசி வரை போய்த் தோற்றால் முழுத் தொகையும் கட்ட வேண்டிவரும். ஆகவே ஆதாரம் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இனி வீட்டு வாசல். வாசலுக்கு முன்னால் உள்ள தெரு நமக்குச் சொந்தமல்ல. குடியிருப்போர் பெர்மிட் வாங்கினாலும் குறிப்பிட்ட இடம் நம்முடையதாகிவிடாது. பூந்தொட்டி வைத்து இடம் பிடிக்கும் நம் ஊர் வழக்கம் அங்கே செல்லாது. ஆனால் 2004ஆம் ஆண்டு போக்குவரத்து மேலாண்மைச் சட்டத்தின் 86ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு. கார் உள்ளே ஏற வசதியாக நடைபாதை விளிம்பைத் தாழ்த்தியிருக்கும் வீட்டு வாசலில், அந்த வீட்டில் குடியிருப்பவரோ அவர் சம்மதம் பெற்றவரோ காரை நிறுத்தலாம். சம்மதத்துக்குக் காசு வாங்கக் கூடாது. இரண்டு வீடுகளுக்குப் பொதுவான வழியாகவும் இருக்கக் கூடாது. மஞ்சள் கோடு இருந்தால் அதன் விதி தனி.

என் மகளுக்கு இப்படி ஒரு சீட்டு வந்தது. முதல் கடிதத்துக்கு "முடியாது" என்றே பதில். இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, வாசலின் படங்களையும் இணைத்து முறையான ஆட்சேபணை அனுப்பிய பிறகு அபராதம் ரத்தானது.

சங்கமாகச் சேர்ந்தால் இன்னும் பெரிய கேள்வியையே கேட்கலாம். வட லண்டனில் உள்ள பார்னெட் கவுன்சில், குடியிருப்போர் பெர்மிட் கட்டணத்தை 40 பவுண்டிலிருந்து 100 ஆகவும், விருந்தினர் சீட்டை 1 பவுண்டிலிருந்து 4 ஆகவும் உயர்த்தியது. அப்பகுதிவாசி ஒருவர் அக்கம்பக்கத்தார் ஆதரவோடு வழக்குப் போட்டார். பார்க்கிங் சட்டம் வருமானம் ஈட்டுவதற்கான வரிச் சட்டமல்ல என்று 2013 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த உயர்வைச் செல்லாததாக்கியது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் அடுத்த முறை பேசும்போது இதைச் சொல்லி வையுங்கள். சீட்டு வந்தால் அன்றே படம் எடுக்கட்டும், தேதிகளைக் குறித்து வைக்கட்டும், அனுப்பும் கடிதத்துக்கு நகல் வைத்துக்கொள்ளட்டும்.