வடிகட்டாத வடிகட்டி

என் மேசையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் வளையம் கிடக்கிறது. விரல் நுனி அளவுதான். உள்ளே ஒரு கூட்டல் குறி, வெளியே சுற்றிவரப் பற்கள். அக்காவின் மகள் பார்த்துவிட்டு, "மாமா, இது பாஸ்தாவா?" என்றாள். நல்லவேளை, வாயில் வைக்கவில்லை.

நோர்வேயில் பொறியியல் படித்த காலத்தில் ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்க்கப் போனபோது தந்தது. எனக்குக் கிடைத்தது புதிய வளையம். தொட்டிக்குள் சுழன்றவை பழுப்பு நிறம், தொட்டால் வழவழப்பு. குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டைக்குள் விரல் விட்டால் படுமே, அதே வழவழப்பு. பக்டீரியாக்கள் பசைபோல ஒன்றைச் சுரந்து, கூட்டமாக ஒட்டிக்கொண்டு வாழும் உயிர்ப்படலம் அது. நகரத்தின் அழுக்கைத் தின்பது அதுதான். இதைக் கண்டுபிடிக்க மனிதர்களுக்கு வெகுகாலம் பிடித்தது.

1858 கோடையில் தேம்ஸ் நதியின் சாக்கடை நாற்றத்தில் லண்டன் பாராளுமன்றமே திணறியது. கழிவுநீரை மண்ணில் விட்டால் தெளிந்து வரும் என்பது அந்தக் காலத்தவர்களுக்குத் தெரியும். ஏன் என்றுதான் தெரியாது. மண் வடிகட்டுகிறது என்றார்கள். காற்றுப் பட்டு நடக்கும் இரசாயன மாற்றம் என்றும் சொன்னார்கள்.

1877இல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் ஒரு கண்ணாடிக் குழாயில் மணலையும் சுண்ணாம்புக்கல் தூளையும் நிரப்பி, அதன் வழியே கழிவுநீரை மெல்ல விட்டார்கள். 20 நாட்களுக்கு ஒரு மாற்றமும் இல்லை. உள்ளே போன அமோனியா அப்படியே வெளியே வந்தது. பிறகு அமோனியா குறைந்து, நைட்ரேட் வரத் தொடங்கியது. வெறும் இரசாயனம் என்றால் ஏன் 20 நாள் காத்திருக்க வேண்டும்? அந்தக் காலத்தில் சத்திரசிகிச்சையில் ஆளை மயக்கப் பயன்பட்ட குளோரோஃபோம் ஆவியைக் குழாய்க்குள் செலுத்தினார்கள். வேலை நின்றுபோனது. ஆவியை அகற்றி, மண் கரைத்த நீரைக் கொஞ்சம் ஊற்றியபின் மீண்டும் தொடங்கியது. மணலுக்கு மயக்கம் வராது. உள்ளே ஏதோ உயிரோடு இருந்திருக்கிறது! எனக்குத் தெரிந்த பரிசோதனைகளிலேயே எனக்கு மிகப் பிடித்தது இது.

1887இல் அமெரிக்காவின் மெரிமாக் ஆற்றங்கரையில், லாரன்ஸ் என்ற ஊரில் ஒரு பரிசோதனை நிலையம் திறந்தார்கள். அங்கே மணலோடு கூழாங்கற்களையும் சோதித்தார்கள். கற்களுக்கு இடையே அழுக்கு தாராளமாகப் புகுந்து போகலாம். ஆனாலும் மாதக்கணக்கில் நைட்ரஜன் கொண்ட கழிவில் 97% நீங்கியது. வடிகட்டல் வாதம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1893இல் இங்கிலாந்தின் சல்ஃபர்டில் ஜோசப் கோர்பெட் கற்படுக்கைமேல் கழிவுநீரைத் தெளித்துப் பார்த்த முறைக்கும் 'வடிகட்டி' என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. இன்றும் அப்படித்தான் சொல்கிறோம்.

1914இல் மான்செஸ்டரிலிருந்து, பக்டீரியாக்களை மிதக்கவிட்டுக் காற்று ஊதும் முறை வந்தது. பல நகரங்கள் அதற்கு மாறின. ஆனால் அந்த 20 நாள் நினைவிருக்கிறதா? அமோனியாவைத் தின்னும் பக்டீரியா மிக மெதுவாகப் பெருகும், குளிரில் இன்னும் மெதுவாக. மிதந்துகொண்டிருந்தால், பெருகுமுன் தண்ணீரோடு போய்விடலாம். ஒட்டிக்கொள்ள ஒரு வீடு வேண்டும்.

வட கடலுக்குள் போகும் நைட்ரஜனைக் குறைக்க 1987இல் அதைச் சுற்றியுள்ள நாடுகள் உடன்பட்டபோது, குளிர்நாடான நோர்வேக்கு இது தலைவலியானது. ட்ரொண்ட்ஹைம் பேராசிரியர் ஹால்வார்ட் ஒடேகார்டும் கால்ட்னெஸ் நிறுவனமும் உருவாக்கியதுதான் இந்த வளையம். தண்ணீரைவிடச் சற்றே இலேசு என்பதால் காற்று ஊதினால் சுழலும். உள்பக்கத்தில் படலம் பத்திரமாக வளரும். ஒரு கனமீட்டர் வளையங்களில் சுமார் 500 சதுரமீட்டர் பரப்பு. 1994இல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த லில்லஹாமரிலும் இந்த முறைதான்.

ஒரே ஒரு சங்கடம். கல் மிதக்காது, பிளாஸ்டிக் மிதக்கும். 2011 மார்ச்சில் அமெரிக்காவின் ஹுக்செட் ஊரில், கனமழையில் தொட்டி நிரம்பி வழிந்து, இதேபோன்ற பிளாஸ்டிக் வட்டுகள் மில்லியன் கணக்கில் ஆற்றில் கலந்தன. கடற்கரைகளில் ஆட்கள் குனிந்து குனிந்து பொறுக்கினார்கள். அந்த ஆறு மெரிமாக். லாரன்ஸைக் கடந்துதான் அவை கடலுக்குப் போயின.