மரபுக் கிறித்துவமும் மறுமலர்ச்சித் தேவையும்

ஒரு சமயத்தைத் தானே ஆராய்ந்து தழுவிக்கொள்பவனுக்கும், அதனைப் பெற்றோர் வழியே பெறுபவனுக்கும் வேறுபாடு உண்டு. முன்னவன் அதற்காக உற்றாரை இழந்திருப்பான். ஊராரின் பகையைத் தாங்கியிருப்பான். அவனுடைய பேரனுக்கோ அதே சமயம் பெயரிலும் திருமணத்திலும் திருவிழாவிலும் எளிதாக வந்து சேர்ந்துவிடுகிறது. இந்த எளிமையே நாளடைவில் சோர்வாக மாறுகிறது. தமிழ்க் கிறித்துவர் வரலாற்றில் இச்சோர்வை உணர்ந்து விழித்தெழுந்த காலங்கள் சில உண்டு. அவற்றுள் திருநெல்வேலிச் சீமையில் நிகழ்ந்த இரண்டினை இங்கே காண்போம்.

1706ஆம் ஆண்டு சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது. தெற்கே பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மையார் எழுப்பிய ஆலயம் 1785இல் வழிபாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. 1799இல் முதலூர் என்னும் கிறித்துவக் குடியிருப்பு தோன்றியது. 1820இல் இரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபின் பள்ளிகளும் சபைகளும் ஊர்தோறும் பெருகின. குடும்பம் குடும்பமாகவும், சிலவிடங்களில் ஊர் ஊராகவும் மக்கள் திருச்சபையில் சேர்ந்தனர். கல்வியும் பாதுகாப்பும் மனித மதிப்பும் நாடி அவர்கள் வந்தனர் என்றால், அதனை இகழ்வதற்கு நமக்கு உரிமையில்லை. ஒடுக்கப்பட்டவன் நிமிர்ந்து நிற்க இடம் தேடுவது இயல்பேயாகும்.

ஆயினும் சேர்ந்தோர் அனைவரும் பழைய தளைகளைக் களைந்துவிட்டுச் சேர்ந்தனர் என்று சொல்ல முடியாது. அவற்றுள் வலியது சாதி. சபைக்குள் சாதி வேற்றுமை கூடாதென்று 1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் ஆணையிட்டபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே விலகினர். பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியாரும் சாதி வழக்கத்தை ஆதரித்தே நின்றார். அவருடைய தமிழ்த் தொண்டினை எத்துணை போற்றினும் இவ்வுண்மையை மறைத்தல் முறையன்று. அழகிய பாடலும் ஆழ்ந்த புலமையும் இருந்த இடத்திலேயே அயலானோடு சமமாக அமர மனமில்லாமலும் இருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் முதுமொழி இங்கும் பொருந்தும்.

இத்தகைய சூழலில் தோன்றியவர் யோவான் கிறித்தியான் அருளப்பன் (1810–1867). உக்கிரன்கோட்டையில் கிறித்துவக் குடும்பத்தில் பிறந்து, இரேனியசின் பள்ளியில் பயின்றவர். 1833இல் இந்தியா வந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்னும் ஆங்கிலேயரின் எளிய வாழ்வு இவரைக் கவர்ந்தது. சங்கங்களின் சம்பளத்தை நாடாமல், இறைவன் அளிப்பதைக் கொண்டு ஊழியம் செய்வது என்று அருளப்பன் துணிந்தார். வத்திராயிருப்பை அடுத்துக் கிறித்தியான்பேட்டை என்னும் சிற்றூரை அமைத்து, அதனை நடுவிடமாகக் கொண்டு சுற்றுப்புறச் சிற்றூர்களுக்குச் சென்றுவந்தார்.

அமெரிக்காவில் 1857–58லும் அயர்லாந்தின் வடபகுதியில் 1859லும் எழுந்த ஆன்மிக எழுச்சியின் செய்தி இவருக்கும் எட்டியது. அதுபோன்ற விழிப்பு தம் மக்களுக்கும் வேண்டுமென அவர் மன்றாடினார். 1860இல் அது நிகழ்ந்தது. மக்கள் தம் பாவங்களை வாய்விட்டு அறிக்கையிட்டு அழுதனர். கிறித்துவர் என்று பெயர் பெற்றிருந்தவர்களே தாம் இதுகாறும் பெயரளவிலேயே கிறித்துவராய் இருந்ததை ஒப்புக்கொண்டனர். இளம்பெண்களும் ஊர் ஊராகச் சென்று பேசினர். சாதித் தளை அவர்களிடையே ஒரு காலம் தளர்ந்தது. அயலார் பணமோ ஆணையோ இன்றி, தமிழர் நடுவில் தமிழராலேயே எழுந்த எழுச்சி இது.

இவ்வெழுச்சியில் குறை இல்லாமலில்லை. தரிசனம், தீர்க்கதரிசனம், உடல் நடுக்கம் போன்றவற்றைக் கண்டு மிஷனெரிமார் சிலர் ஐயுற்றனர். உணர்ச்சிப் பெருக்கு அடங்கியதும் பழைய வழக்கங்கள் பல திரும்பவும் தலைதூக்கின. எனினும் ஓர் உண்மை நிலைநாட்டப்பட்டது. சபைக்கு வேண்டுவது ஆள்தொகை மட்டுமன்று. உள்ள மாற்றமும் வேண்டும் என்பதே அவ்வுண்மை.

பின்னர் 1876–78ஆம் ஆண்டுகளின் கொடும் பஞ்சத்தின்போது பல்லாயிரவர் சபையில் சேர்ந்தனர். தொகை பெருகிய அந்தத் தலைமுறையிலேயே இரண்டாம் விழிப்புக்கு வித்தான வேதநாயகம் சாமுவேல் அசரியா வளர்ந்தார். 1874இல் வெள்ளாளன்விளையில், ஓர் ஊழியரின் மகனாகப் பிறந்தவர் அவர். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறித்துவ மாணவர் தம் சொந்தப் பொருளில் கடல் கடந்த தொண்டினைத் தாங்கி வருவதைக் கண்டார். ஒரு நூற்றாண்டாகப் பெற்று வந்த திருநெல்வேலி ஏன் கொடுக்கவில்லை என்னும் வினா அவரை உறுத்தியது. அதன் விளைவாக 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரிச் சங்கம் பிறந்தது. இந்தியர் பொருள் கொண்டு, இந்தியர் மேற்பார்வையில், இந்தியரே தொண்டாற்றுவது அதன் நெறி. தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் அதன் பணிக்களமாயிற்று. 1909இல் அசரியா தாமே அங்குச் சென்றார். 1912இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். 1910இல் எடின்பரோ மாநாட்டில், வெள்ளையரிடம் நட்பையும் சமத்துவத்தையும் அஞ்சாது கேட்டவரும் அவரே.

இனி நம் நாட்டிற்கு வருவோம். பிழைப்புத் தேடிக் கப்பலேறிய தமிழருடன் இம்மரபும் மலாயாவிற்கு வந்தது. பாகான் செராயில் கத்தோலிக்கத் தமிழர் குடியேற்றம் 1880களில் அமைந்தது. கோலாலம்பூரில் தமிழ் மெதடிஸ்ட் பணி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. லுத்தரன் தமிழரும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமக்கெனச் சபை அமைத்தனர். பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் 1929இல் போ தேயிலைத் தோட்டம் தோன்றியதும் தமிழ்த் தொழிலாளர் மலையேறினர். பிரிஞ்சாங்கிற்கு வடக்கே, காய்கறித் தோட்டங்கள் சூழ்ந்த திரிங்காப் வட்டாரமும் இம்மலை வாழ்வின் ஒரு பகுதியே. இங்குக் கிறித்துவத் தமிழர் சிறுபான்மையினருள் சிறுபான்மையினர். இத்தகையோருக்கு ஆலயம் வழிபாட்டிடம் மட்டுமன்று. உறவினர் கூடும் முற்றமும் தாய்மொழி கேட்கும் திண்ணையும் அதுவே.

அந்த நன்மைக்குள்ளேதான் ஆபத்தும் மறைந்திருக்கிறது. உறவும் மொழியும் விழாவுமே போதுமென்றால் சமயம் ஒரு சங்கமாகச் சுருங்கிவிடும். இன்று தோட்டங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர் பெருகியுள்ளனர். தமிழ் இளைஞர் நகரங்களை நாடுகின்றனர். உறவுக் கூட்டம் கலையும்போது, அதனை மட்டுமே நம்பிய நம்பிக்கையும் கலைந்துபோகும். ஊர் மாறினும் உடன் செல்வது ஒருவன் தானே உணர்ந்து ஏற்ற நம்பிக்கை மட்டுமே.

தேயிலைத் தோட்டத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவர். வெட்டிய செடி பார்ப்பதற்கு மொட்டையாய் நிற்கும். வெட்டாது விட்டால் செடி ஓங்கி வளரும். பறிப்பதற்குரிய கொழுந்து குறையும். திருநெல்வேலி வரலாறு காட்டும் மறுமலர்ச்சியும் இவ்வாறானதே. 1860இல் மக்கள் தம் குறையை ஒப்புக்கொண்டனர். அயலானைத் தாழ்த்தும் வழக்கத்தை ஒரு காலமேனும் விட்டனர். 1903இல் பெறும் கை கொடுக்கும் கையாயிற்று. இவற்றுள் எது நம் சபைகளில் குறைகிறது என்று ஒவ்வொரு தலைமுறையும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்கத் துணிவதே மறுமலர்ச்சியின் தொடக்கமாகும்.