செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆகல

“செல்ஃப் எடுக்குது, ஆனா ஸ்டார்ட் ஆகல.”

அம்பாசிடரோ பியட்டோ வைத்திருந்தவர்கள் மெக்கானிக்கிடம் அதிகமாகச் சொன்ன வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். இந்தக் கோளாறுக்கும் ஒரு வரலாறு உண்டு. கார் பிறந்த காலத்தில் இப்படி ஒரு கோளாறே கிடையாது. செல்ஃப் என்று ஒன்று இருந்தால்தானே அது எடுப்பதற்கு!

அந்தக் காலத்தில் காரின் முன்பக்கம் ஓர் இரும்புக் கைப்பிடியைச் செருகி எஞ்சினைக் கையால் சுற்றினார்கள். மேக்னெட்டோ என்ற கருவி வைத்த வண்டிகளுக்குப் பொறி உண்டாக்க பேட்டரியே வேண்டாம். எஞ்சினோடு சேர்ந்து அதுவும் சுற்றும்; உள்ளே இருக்கும் காந்தத்தால் தானே மின்சாரம் உண்டாக்கி, பெட்ரோலைக் கொளுத்தும் பொறியைத் தரும். ஜெர்மனியில் பாஷ் கம்பெனியின் பொறியாளர் காட்லோப் ஹோனோல்ட் 1902-ல் இதன் நல்ல வடிவம் ஒன்றைச் செய்தார். சுற்றுகிற கையே பொறியையும் தந்தது.

ஆனால் அந்தக் கைப்பிடி பொல்லாதது. பொறி கொஞ்சம் முந்தி வந்துவிட்டால் எஞ்சின் பின்பக்கமாக உதைக்கும். மணிக்கட்டு முறிந்தவர்கள் ஏராளம். “கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வை, சுற்றிப் பிடிக்காதே” என்று எனக்கும் முதலில் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

இங்கேதான் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் வருகிறார். கடைகளில் காசு வாங்கிப் போடும் கேஷ் ரெஜிஸ்டர் தயாரித்த கம்பெனியில் வேலை பார்த்தவர். அந்தப் பெட்டியை மின்சாரத்தால் இயக்க ஒரு சின்ன மோட்டார் செய்தார். அது நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை. ஒரு கணம் பலமாக இழுத்தால் போதும். பின்னால் எட்வர்ட் டீட்ஸுடன் சேர்ந்து ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் டெல்கோ கம்பெனியைத் தொடங்கினார். அவருடைய பேட்டரி இக்னிஷன் முதலில் காடிலாக் கார்களில் ஏறியது. அடுத்து, கேஷ் ரெஜிஸ்டர் மோட்டாரின் அதே யோசனையில் பிறந்த செல்ஃப் ஸ்டார்ட்டர் 1912-ம் ஆண்டு காடிலாக்கில் வந்தது. போர்டு மாடல் டி காருக்கு அது கிடைக்க 1919 ஆயிற்று.

ஆக, எஞ்சினைச் சுற்றுவதும் பொறி தருவதும் ஒரே மனிதரின் இரண்டு வேலைகள். இரண்டும் தனித்தனி, ஆனால் இரண்டுக்கும் சோறு போடுவது ஒரே பேட்டரி. ஒன்று வேலை செய்து மற்றது செய்யாமல் போகும் சங்கடம் அன்றைக்குத்தான் பிறந்தது.

அவருடைய இக்னிஷன் முறைதான் அறுபது எழுபது வருடம் உலகை ஓட்டியது. மோரிஸ் ஆக்ஸ்போர்டை மூலமாகக் கொண்டு உத்தரபாராவில் பிறந்த நம் அம்பாசிடரிலும் அதுதான். காயிலில் பன்னிரண்டு வோல்ட் பாயும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் திறந்து அந்த ஓட்டத்தைச் சட்டென்று அறுக்கும்போது காயிலின் மறுபக்கம் பல ஆயிரம் வோல்ட் எழும். ரோட்டார் அதை 1-3-4-2 என்ற வரிசையில் நான்கு பிளக்குகளுக்கும் பங்கு போடும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் நொடிக்கு நூறு பொறி. இத்தனையும் பாயிண்டில் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி சரியாக இருப்பதை நம்பித்தான்.

இதில் இரண்டு பலவீனம். ஒன்று, செல்ஃப் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். காயிலுக்கு வேண்டியது மூன்று நான்குதான். பேட்டரி நொந்திருந்தால் செல்ஃப் எல்லாவற்றையும் குடித்துவிட்டுக் காயிலைப் பட்டினி போடும். இரண்டு, பல ஆயிரம் வோல்ட் மின்சாரத்துக்கு ஈரம் ஒரு ராஜபாட்டை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் கொஞ்சம் ஈரம் கோத்தாலும் அது பிளக்குக்குப் போகாமல் குறுக்கே இறங்கிவிடும்.

இந்த இரண்டையும் நான் கற்றுக்கொண்டது 1987 நவம்பரில், திருச்சியில். பழைய மார்க் 2 அம்பாசிடர் ஒன்று வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. நான்கு நாளாக விடாத மழை. விடிகாலை நாலரை மணிக்கு எதிர்வீட்டுப் போனுக்குச் செய்தி வந்தது. மன்னார்குடியில் அத்தை இறந்துவிட்டார்கள். அப்பாவுக்கு ஒரே அக்கா. முதல் நாள் மாலையிலிருந்து முயன்றும் லைன் கிடைக்கவில்லையாம். காலை ஒன்பதுக்குள் எடுக்கப் போகிறார்கள்.

பிறந்த வீட்டுக் கோடி போடாமல் எடுக்கக் கூடாது என்பார்கள். அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்? அம்மா பொங்கலுக்கு எடுத்து வைத்திருந்த புதுப் புடவையைப் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தார்.

செல்ஃப் எடுத்தது. வண்டி கிளம்பவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை என்று அந்த வாடை சொன்னது எனக்குப் புரியவில்லை. சோக்கை இழுத்தேன், பெடலை மிதித்தேன். அரை மணி நேரத்தில் பேட்டரியும் படுத்துவிட்டது. பிறகு நனைந்துகொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். தஞ்சாவூரில் பஸ் மாறி, மன்னார்குடி போய்ச் சேரும்போது பதினோரு மணி தாண்டிவிட்டது. பத்து மணி வரை காத்திருந்து எடுத்துவிட்டார்கள்.

“வண்டி கிளம்பலைன்னா நீ என்னப்பா செய்வ?” என்றார் அப்பா. அந்தப் புடவை பிரிக்காமலே வீட்டுக்குத் திரும்பி வந்தது. அம்மா அதைக் கட்டவேயில்லை.

மறுநாள் வழக்கமான மெக்கானிக் பாய் வந்தார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே முத்து முத்தாக ஈரம். வேஸ்ட் துணியால் அழுந்தத் துடைத்தார். பிளக்குகளையும் கழற்றித் துடைத்து மாட்டினார். செத்த பேட்டரிக்கு என்ன செய்யப் போகிறார் என்று பார்த்தேன். டிக்கியிலிருந்து கைப்பிடியை எடுத்து பம்பர் ஓட்டையில் செருகினார். “செல்ஃபுக்குத்தான் பத்தாது சார், காயிலுக்கு இது போதும்” என்றார். இரண்டாவது சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோளில் துண்டு இருந்தது. முந்தின நாளும் இருந்தது. கைப்பிடியும் டிக்கியில்தான் இருந்தது. துடைத்துச் சுற்றப் பத்து நிமிடம் ஆகியிருக்குமா?

அதற்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். செல்ஃப் எடுத்தும் மூன்று தடவையில் பிடிக்கவில்லையென்றால் கையை எடுத்துவிடுவேன். பானட்டைத் திறந்து முதலில் மூடியின் ஈரத்தைப் பார்ப்பேன். பிறகு ஒரு பிளக்கைக் கழற்றி வயரில் மாட்டி, அதன் உலோகப் பகுதியை எஞ்சின் மேல் படும்படி வைத்துச் சுற்றச் சொல்வேன். நீலமாகப் பொறி தெறித்தால் பெட்ரோல் பக்கம் தேட வேண்டும். சிவந்து மெலிந்தாலோ, பொறியே இல்லையென்றாலோ பாயிண்ட், கண்டென்சர், காயில் என்று பின்னோக்கிப் போக வேண்டும். பிளக் நனைந்திருந்தால் பொறியில் கோளாறு. காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. பெரும்பாலும் இதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

இன்றைய கார்களில் பாயிண்டும் இல்லை, ரோட்டாரும் இல்லை, கைப்பிடிக்கு ஓட்டையும் இல்லை. அம்பாசிடரே 2014-ல் நின்றுபோனது. என் பேரன் பட்டனைத் தொட்டால் வண்டி கிளம்புகிறது. கிளம்பாவிட்டால் அவன் போன் செய்வான், ஆள் வருவார். நல்லதுதான்.

ஆனாலும் அவன் வண்டி டிக்கியில் ஒரு காய்ந்த துணியை மடித்து வைத்திருக்கிறேன். “இது எதுக்கு தாத்தா?” என்று கேட்டான். கண்ணாடி துடைக்க என்று சொன்னேன்.