கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாட்டு மதிப்பீடு

கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாட்டு மதிப்பீடு என்பது ஒருவருக்குக் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு, சுருக்கமாக ஏ.டி.எச்.டி, உள்ளதா என அறிய மருத்துவர்களும் உளவியலாளர்களும் மேற்கொள்ளும் ஆய்வு முறையாகும். இக்குறைபாடு மூளை வளர்ச்சியோடு தொடர்புடையது; சிறு வயதிலேயே வெளிப்படத் தொடங்குவது. இதனை உறுதிசெய்யும் குருதிப் பரிசோதனையோ மூளைப் படமோ இல்லை. ஒருவருடைய வாழ்க்கை வரலாறும், அவரை நன்கறிந்தவர்களின் கூற்றுகளுமே நோயறிதலுக்கு அடிப்படையாகின்றன. ஆகவே யாரிடம், எவற்றை, எவ்வளவு பொறுமையாகக் கேட்டறிகின்றனர் என்பதைப் பொறுத்தே மதிப்பீட்டின் நம்பகத்தன்மை அமைகிறது.

பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் வெளியான கட்டுரை, சிறுவர்களிலும் பதின்ம வயதினரிலும் ஏறத்தாழ 5.3 விழுக்காட்டினருக்கு இக்குறைபாடு இருப்பதாகக் கணித்தது. பெரியவர்களுக்கான அத்தகைய கணிப்பு 2009-இல் 2.5 விழுக்காடாக அமைந்தது.

வரலாறு

ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் சியார்ச்சு இசுட்டில் 1902-இல் இலண்டனில் நிகழ்த்திய மூன்று சொற்பொழிவுகளில், அறிவுத்திறன் குறையாதிருந்தும் தம் நடத்தையைக் கட்டுப்படுத்த இயலாத சிறுவர்களைப் பற்றி விளக்கினார். இக்குறைபாடு பற்றிய தொடக்ககால மருத்துவ விவரிப்புகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் வெளியிடும் நோயறிதல் கையேடான டி.எஸ்.எம் நூலின் 1968-ஆம் ஆண்டுப் பதிப்பு, இதனைச் சிறுவர்களின் மிகையியக்க எதிர்வினை என்று குறித்தது. 1980-ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு கவனக்குறைவை முதன்மைப்படுத்தியது. 1987-இல் இன்றைய பெயர் வழக்கிற்கு வந்தது. 2013-இல் வெளியான ஐந்தாம் பதிப்பு, பெரியவர்களை மதிப்பிடுவதற்கான தனி வரையறையைச் சேர்த்தது. 2022 முதல் நடைமுறையிலுள்ள உலக சுகாதார அமைப்பின் ஐ.சி.டி-11 வகைப்பாடும், மிகையியக்கப் பிறழ்வு என்ற தன் பழைய பெயரைக் கைவிட்டு இப்பெயரையே ஏற்றுள்ளது.

நோயறிதல் வரையறை

டி.எஸ்.எம் ஐந்தாம் பதிப்பு அறிகுறிகளை இரு தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 9 அறிகுறிகளைப் பட்டியலிடுகிறது. முதல் தொகுதி கவனக்குறைவு பற்றியது. பணியைத் தொடங்கி முடிக்காது விடுதல், பொருட்களைத் தொலைத்தல், அன்றாடக் கடமைகளை மறத்தல், நேரில் பேசும்போதும் செவிமடுக்காதது போலிருத்தல் முதலியன இதில் அடங்கும். இரண்டாம் தொகுதி மிகையியக்கமும் எண்ணாது செயற்படலும் பற்றியது. இருக்கையில் நிலையாக அமர இயலாமை, வினா முடியுமுன் விடை கூறல், தன் முறைக்காகக் காத்திருக்க இயலாமை முதலியன இதில் அடங்கும்.

நோயறிதலுக்குப் பின்வரும் நிபந்தனைகள் அனைத்தும் நிறைவேற வேண்டும்.

1. ஏதேனும் ஒரு தொகுதியில் குறைந்தது 6 அறிகுறிகள் இருத்தல் வேண்டும். 17 வயதும் அதற்கு மேலும் உடையோருக்கு 5 அறிகுறிகள் போதும்.
2. அவை குறைந்தது 6 மாதங்கள் நீடித்திருக்க வேண்டும். வயதுக்குரிய இயல்பான நிலையை மீறியிருக்க வேண்டும்.
3. சில அறிகுறிகளேனும் 12 வயதுக்கு முன் தோன்றியிருக்க வேண்டும். 1994-ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பில் இவ்வெல்லை 7 வயதாக இருந்தது.
4. வீடு, பள்ளி, பணியிடம் போன்ற இரண்டு அல்லது கூடுதலான சூழல்களில் அவை காணப்பட வேண்டும்.
5. கல்வி, தொழில் அல்லது உறவுகளை அவை தெளிவாகப் பாதிக்க வேண்டும்.
6. வேறோர் உளநோயால் அவற்றை மேலும் பொருத்தமாக விளக்க இயலாதிருக்க வேண்டும்.

சிறுவர்களை மதிப்பிடல்

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2000-இல் வெளியிட்ட வழிகாட்டி 6 முதல் 12 வயது வரையிலான சிறுவர்களுக்கு மட்டும் உரியதாக இருந்தது. 2011-இல் இவ்வெல்லை 4 முதல் 18 வயது வரை விரிவாக்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தமும் அதனைத் தொடர்ந்தது. கல்வியிலோ நடத்தையிலோ சிக்கலும், அதனுடன் கவனக்குறைவு அல்லது மிகையியக்க அறிகுறிகளும் கொண்ட குழந்தையை மதிப்பீடு செய்ய வேண்டும் என இது பரிந்துரைக்கிறது.

மதிப்பீடு பெற்றோருடனான நேர்காணலில் தொடங்குகிறது. பேறுகாலம், பிறப்பு எடை, பேச்சும் நடையும் தொடங்கிய காலம், உறக்கம், குடும்பத்தில் எவருக்கேனும் இத்தகைய இயல்பு இருந்தமை ஆகியன கேட்டறியப்படுகின்றன. இரட்டையர் ஆய்வுகள் இக்குறைபாட்டில் மரபுவழியின் பங்கை 70 முதல் 80 விழுக்காடு வரை மதிப்பிட்டிருப்பதால், குடும்ப வரலாறு முக்கியமானது. பின்னர் வாண்டர்பில்ட், கானர்சு போன்ற மதிப்பீட்டுப் படிவங்கள் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் தனித்தனியே அளிக்கப்படுகின்றன. இருவரின் விடைகளும் மாறுபடுவது உண்டு. இம்மாறுபாட்டை ஒருவரின் பிழையாகக் கொள்ளாது, குழந்தை எச்சூழலில் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதற்கான செய்தியாக மருத்துவர் கருத வேண்டும்.

மருத்துவரின் அறையில் குழந்தை அமைதியாக இருப்பது, குறைபாடு இல்லை என்பதற்குச் சான்றாகாது. புதிய இடமும், ஒருவர் மட்டுமே எதிரிலிருந்து பேசும் சூழலும் சிறிது நேரத்திற்குக் கவனத்தைத் தக்கவைக்கக்கூடும். அவ்வாறே, நிகழ்பட விளையாட்டில் மணிக்கணக்காக ஈடுபடும் குழந்தைக்கு இக்குறைபாடு இருக்காது என்பதும் தவறான கருத்தாகும். உடனுக்குடன் பயன் கிடைக்கும் செயல்களில் கவனம் நிலைப்பதும், சலிப்பூட்டும் செயல்களில் சிதறுவதும் இக்குறைபாட்டில் இயல்பாகக் காணப்படுபவை.

பதின்ம வயதினரை மதிப்பிடல்

பதின்ம வயதில் ஓடியாடும் இயல்பு குறைந்து, உள்ளூர உணரும் அமைதியின்மையாக மாறுவதுண்டு. உயர்நிலைப் பள்ளியில் பாடத்திற்கொரு ஆசிரியர் இருப்பதால் எவரும் மாணவரை முழுமையாக அறிந்திருப்பதில்லை. ஆகவே குறைந்தது இரு ஆசிரியர்களிடமோ, பயிற்றுநர் போன்ற பிற பெரியவர்களிடமோ தகவல் பெறுமாறு அமெரிக்க வழிகாட்டி கூறுகிறது. இவ்வயதினர் தம் அறிகுறிகளைக் குறைத்துக் கூறும் போக்குடையவர்கள். மனச்சோர்வு, பதற்றம், போதைப்பொருள் பயன்பாடு ஆகியன உள்ளனவா என்பதும் ஆராயப்பட வேண்டும்.

பெரியவர்களை மதிப்பிடல்

தம் பிள்ளைக்கு மதிப்பீடு நடைபெறும்போது, அங்குக் கேட்கப்படும் வினாக்களில் தம் இளமையை அடையாளம் கண்டு மதிப்பீட்டிற்கு வரும் பெற்றோர் உண்டு. உலக சுகாதார அமைப்பின் துணையுடன் உருவாக்கப்பட்டு 2005-இல் வெளியான ஏ.எசு.ஆர்.எசு வினாக்கொத்தில் 18 வினாக்கள் உள்ளன. அவற்றுள் 6 வினாக்கள் முதற்கட்டத் தேர்விற்குப் பயன்படுகின்றன. இத்தேர்வு மேலும் ஆராய வேண்டுமா என்பதை மட்டுமே காட்டும்; நோயறிதல் ஆகாது.

பெரியவர்களை மதிப்பிடுவதில் உள்ள முதன்மையான இடர்ப்பாடு நினைவைச் சார்ந்ததாகும். நியூசிலாந்தின் தனீடின் நகரில் 1972–73-இல் பிறந்த 1,037 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவுகள் 2015-இல் வெளியாயின. 38 வயதில் இக்குறைபாட்டின் அறிகுறிகளைக் கொண்டிருந்தோரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்குச் சிறுவயதில் அது பதிவாகியிருக்கவில்லை. மறுபுறம், சிறுவயதில் குறைபாடு பதிவான பலரின் பெற்றோர் அதனைப் பிற்காலத்தில் நினைவுகூரவில்லை. 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, பிற்காலத்தில் தொடங்கியதாகத் தோன்றிய நேர்வுகளுள் பெரும்பாலானவற்றிற்குப் போதைப்பொருள் பயன்பாடு, பிற உளநோய்கள் போன்ற வேறு விளக்கங்கள் இருந்ததைக் காட்டியது. இக்காரணங்களால், ஆசிரியர் குறிப்புகளுடன் கூடிய பழைய பள்ளி அறிக்கைகளும், பெற்றோர் அல்லது உடன்பிறந்தோரின் கூற்றும் இயன்றவரை திரட்டப்படுகின்றன.

ஒத்த தோற்றமுடைய நிலைகள்

கவனம் சிதறுவதற்குப் பல காரணங்கள் உண்டு. செவிப்புலன், பார்வைக் குறைபாடுகள், போதிய உறக்கமின்மை, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படல், தைராய்டு சுரப்பிக் கோளாறு, சில நொடிகள் நினைவு தப்பும் வலிப்பு, பதற்றம், மனச்சோர்வு, கற்றல் குறைபாடு, மதியிறுக்கம், வீட்டில் நிகழும் வன்முறை அல்லது இழப்பு ஆகியன அவற்றுள் சில. இவற்றுள் பல, கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாட்டுடன் சேர்ந்தும் காணப்படலாம். எனவே ஒன்றைக் கண்டறிந்தவுடன் மற்றொன்றைத் தேடாது விடுதல் பொருந்தாது.

நுண்ணறிவுச் சோதனைகளும் கணினிவழிக் கவனச் சோதனைகளும் துணையாகப் பயன்படுகின்றன. 2013-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மூளை மின்னலைகளை அளக்கும் கருவியொன்றிற்கு ஒப்புதல் அளித்தது. எனினும் அது மருத்துவரின் மதிப்பீட்டிற்குத் துணையாக மட்டுமே அனுமதிக்கப்பட்டது.

தவறவிடலும் தவறாகக் கண்டறிதலும்

பெண்குழந்தைகளிடம் கவனக்குறைவு மட்டும் மேலோங்கிய வகை கூடுதலாகக் காணப்படுகிறது. வகுப்பில் இடையூறு செய்யாது கனவில் ஆழ்ந்திருக்கும் மாணவியை மருத்துவரிடம் அனுப்ப எவரும் எண்ணுவதில்லை. இத்தகையோர் பல ஆண்டுகள் சோம்பேறி என்றும் பொறுப்பற்றவர் என்றும் பெயர்பெற்று, பிற்காலத்தில் மனச்சோர்விற்கோ பதற்றத்திற்கோ சிகிச்சை பெற வரும்போதே அடையாளம் காணப்படுகின்றனர்.

இதற்கு எதிரான பிழையும் நிகழ்கிறது. கனடாவின் பிரித்தானியக் கொலம்பியா மாகாணத்தில் பள்ளிச் சேர்க்கைக்கான பிறந்தநாள் எல்லை திசம்பர் 31 ஆகும். ஆகவே ஒரே வகுப்பில் திசம்பரில் பிறந்த குழந்தை, சனவரியில் பிறந்த குழந்தையைவிட ஏறக்குறைய ஓராண்டு இளையது. அங்கு 9 இலட்சத்திற்கும் மேற்பட்ட சிறுவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வின்படி, சனவரியில் பிறந்தோரைவிடத் திசம்பரில் பிறந்த சிறுவர்களுக்கு 30 விழுக்காடும் சிறுமிகளுக்கு 70 விழுக்காடும் கூடுதலாக இந்நோயறிதல் வழங்கப்பட்டிருந்தது. வயதுக்குரிய முதிர்ச்சியின்மை நோயாகக் கொள்ளப்பட்டிருக்கலாம் என்பதை இது உணர்த்துகிறது. குழந்தையை வகுப்புத் தோழர்களுடன் அன்றி, அதே வயதினருடன் ஒப்பிட வேண்டியதன் தேவையையும் இது காட்டுகிறது.

மதிப்பீட்டிற்குப் பின்

மதிப்பீட்டின் முடிவு குடும்பத்தினருக்கு விளக்கப்பட வேண்டும். 4, 5 வயதுக் குழந்தைகளுக்குப் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியே முதற்படியாகப் பரிந்துரைக்கப்படுகிறது. மருந்து தொடங்குமுன் உயரம், எடை, நாடித்துடிப்பு, குருதி அழுத்தம் ஆகியன அளக்கப்பட்டு, குடும்பத்தில் இதய நோய் உண்டா என்பதும் கேட்டறியப்படுகிறது. குறைபாடு இல்லை என்று முடிவானாலும், மதிப்பீட்டிற்குக் காரணமான இடர்ப்பாடு மறைந்துவிடுவதில்லை. அதன் உண்மைக் காரணத்தைத் தேடுவதும் மதிப்பீட்டின் பகுதியே ஆகும்.

இந்தியாவில்

6 முதல் 9 வயது வரையிலான இந்தியச் சிறுவர்களை மதிப்பிட ஐ.என்.டி.டி-ஏ.டி.எச்.டி என்னும் கருவி உருவாக்கப்பட்டுள்ளது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 வரையறுக்கும் 21 வகைகளுள் மதியிறுக்கமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் உள்ளன. கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு தனி வகையாகப் பெயரிடப்படவில்லை. ஆகவே கற்றல் குறைபாடும் உடனுள்ளதா என மதிப்பீட்டின்போது ஆராய்வது, மாணவரின் உரிமைகளைப் பொறுத்தும் முக்கியத்துவம் பெறுகிறது.