கொல்லனின் கருவிகளும் அவற்றின் பெயர்களும்

முன்னுரை

பிற தொழிலாளர்க்குக் கருவி செய்து தரும் கொல்லன் தன் கருவிகளையும் தானே செய்துகொள்கிறான். பிடிக்க வேண்டிய இரும்பின் வடிவிற்கேற்பக் குறட்டின் வாய் அமைய வேண்டும்; ஆதலின் ஒரே பட்டறைக்குப் பல குறடுகள் தேவைப்படும். தேய்ந்த கருவி மீண்டும் உலையிற் புகுந்து வேறொரு கருவியாகும். இவ்வாறு உருமாறுவதால் பழங்காலக் கொல்லனின் கருவிகளை அறிவதற்கு மண் தரும் சான்று மட்டும் போதாது. அவற்றின் பெயர்கள் தரும் சான்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

சங்க இலக்கியத்தில் கருவிகள்

ஏழூர்க்குப் பொதுவாக ஓரூரில் அமைந்த உலையின் துருத்தியைக் குறுந்தொகை 172ஆம் பாடல் வருந்தும் நெஞ்சிற்கு உவமையாக்குகிறது. அதனை ‘மிதிதோல்’ எனச் சுட்டுகிறது. தோலால் ஆனது, காலால் மிதித்து இயக்கப்பட்டது என்னும் இரு செய்திகளும் அச்சொல்லிலேயே அடங்கியுள்ளன. புறநானூறு 170ஆம் பாடல் ‘கூடம்’ எனப்படும் சம்மட்டியையும் அதன் அடியைத் தாங்கும் ‘உலைக்கல்’லையும் காட்டிப் பிட்டங்கொற்றனின் உறுதியை உணர்த்துகிறது. பெரும்பாணாற்றுப்படை நண்டின் கவைத்த காலுக்குக் கொல்லனின் ‘கொடிறு’ என்னும் குறட்டை உவமை கூறுகிறது. இரு கிளையாகப் பிரிந்து கவ்வும் அதன் வடிவு இவ்வுவமையால் விளங்குகிறது. அடைகல் இரும்பாலும் அமையக்கூடியது. எனினும் அதன் பெயரில் ‘கல்’ நிலைத்திருப்பதால், தொடக்கத்தில் கல்லே அடிதாங்கியாகப் பயன்பட்டது எனக் கருத இடமுண்டு.

அகழாய்வுச் சான்று

நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் 1985இல் தொடங்கிய அகழாய்வுகள் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களையும் இரும்புக் கசடுகளையும் வெளிக்கொணர்ந்தன. சுட்ட மண்ணும் கசடும் நெடுங்காலம் எஞ்சும். தோலும் மரமும் மக்கிவிடும். உலைக்குக் காற்றளித்த துருத்தியைப் பற்றி அகழாய்வு சொல்ல இயலாததை ‘மிதிதோல்’ என்னும் ஒரு சொல் சொல்கிறது.

பிற்கால மாற்றம்

கிடைக்கும் பொருளைக் கருவியாக்கும் இவ்வியல்பு பிற்காலத்தும் தொடர்ந்தது. இன்று ரிச்சர்ட்ஸ் டவுன் அமைந்துள்ள பெங்களூருப் படைமுகாம் பகுதிக்குச் சோலையார்பேட்டையிலிருந்து 1864இல் இரயில் வந்தது. இருப்புப்பாதைகள் பரவியபின் பழைய தண்டவாளத் துண்டு கொல்லர்க்குப் பட்டடையாயிற்று. ஊர்திகளின் வில்பட்டை உளியாகவும் வெட்டுக்கத்தியாகவும் மாறியது. கையால் சுழற்றும் காற்றாடியும் பின்னர் மின்விசிறியும் துருத்தியின் இடத்தைப் பெற்றன.

முடிவுரை

கருவி மாறும்போது அதன் பெயரும் வழக்கொழிகிறது. பெயரைத் தொகுப்போர் ‘கொல்லன் கருவி’ என்று மட்டும் பொருளெழுதினால் அதனைச் செய்த முறை பதிவாகாது. எதனால் செய்யப்பட்டது, எவ்வாறு தோய்ச்சல் தரப்பட்டது, எப்பணிக்கு உதவியது என்பனவும் உடன் பதியப்பட வேண்டும். தமிழும் கன்னடமும் உருதும் கலந்து வழங்கும் பெங்களூருப் படைமுகாம் பகுதி அத்தகைய கள ஆய்விற்கு ஏற்ற இடமாகும். சங்கப் புலவர்கள் உவமைக்காக எடுத்தாண்ட சொற்களே இன்று வரலாற்றுச் சான்றாகியுள்ளமை இப்பணியின் தேவையை உணர்த்தும்.