மூணு சக்கரத்துக்காக வந்த டயர்

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு மீன் ஏத்திட்டுப் போற மூணு சக்கர மோட்டார் வண்டியை நினைச்சுக்கோங்க. ஒரு கருவேல முள் போதும். காத்து இறங்கும், ஐஸ் உருகும், மீன் விலை சரியும்.

காத்தடைச்ச டயருக்கு 1845-லயே ராபர்ட் தாம்சன் காப்புரிமை வாங்கிட்டார். ஆனா அது எடுபடல. 1887-ல பெல்ஃபாஸ்ட் கால்நடை மருத்துவர் ஜான் டன்லப் மறுபடி அதைச் செஞ்சது, மகனோட மூணு சக்கர சைக்கிளுக்காகத்தான். குலுக்கல் குறைஞ்சது, கூடவே பஞ்சரும் வந்துச்சு.

இன்னிக்கு அதுக்கு ஒரு மருந்து, டயருக்குள்ள ஊத்துற சீலன்ட். சக்கரம் சுத்தும்போது உள்பக்கம் பரவும். முள் குத்தினா, வெளியேறுற காத்தே அதைத் துளைக்குள்ள தள்ளி அடைக்கும். டயரோட பக்கவாட்டு கிழிஞ்சா பலிக்காது.

ஒரு இன்ஜினியரா எனக்குப் பிடிச்சது இதுதான்: ஓடுற காத்தே ஓட்டையை அடைக்குது. முதல்ல மீன் சந்தைக்கு, அப்புறம் வண்டி பஞ்சர் கடைக்கு.