ஐயம் வேறு, முடிவு வேறு

கருவுற்ற பெண்ணை 'ஈருயிர்க்காரி' என்று சொல்வது நம் வழக்கு. ஓருடலில் இரண்டு உயிர் தங்கியிருக்கும் நிலையை அச்சொல் மிக எளிதாகக் காட்டிவிடுகிறது. ஆயினும் மருத்துவ அறிஞர்கள் நெடுங்காலம் அவ்விரண்டனுள் ஓர் உயிரையே அறிந்திருந்தனர். தாயின் நாடியைப் பிடித்துப் பார்க்கலாம். முகத்தின் வெளுப்பையும் காலின் வீக்கத்தையும் கண்ணால் காணலாம். உள்ளிருக்கும் உயிரோ தன் அசைவாலும் இதயத் துடிப்பின் மெல்லிய ஒலியாலுமே தன் இருப்பைத் தெரிவித்து வந்தது. அது நலமுடன் இருக்கிறதா, நலிந்து இருக்கிறதா என்பது பிறந்த பின்னரே தெரியும்.

இன்று நிலைமை வேறு. மூன்று மாதம் நிறைகின்ற வேளையிலேயே குருதியைச் சோதித்து, ஸ்கேன் எடுத்து, சில நாட்களில் ஒரு தாளைத் தாயின் கையில் தருகிறார்கள். அதில் '250-இல் 1' என்பது போன்ற ஓர் எண் இருக்கும். அதன் அருகே 'இடர் மிகுதி' என்ற குறிப்பும் இருக்கும். அத்தாள் வந்த வீட்டில் அன்றிரவு எவருக்கும் உறக்கம் வருவதில்லை. அந்த எண் எப்படிப் பிறந்தது, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை வரலாற்றின் வழியே காண்பது பயனுடையதாகும்.

கருவறைக்குள் எட்டிப் பார்த்தே ஆகவேண்டும் என்ற நிலையை முதலில் உண்டாக்கியது குருதியைப் பற்றிய ஒரு நோய். 1940-ஆம் ஆண்டில் லாண்ட்ஸ்டைனர், வீனர் என்னும் இரு அறிஞர்கள் குருதியில் 'ஆர்.எச்.' என்னும் கூறு ஒன்று உண்டெனக் கண்டனர். அக்கூறு தாயின் குருதியில் இல்லாமல் குழந்தையின் குருதியில் இருக்குமாயின், தாயின் உடல் அதனைப் பகையாகக் கருதி எதிர்ப்பொருளை உண்டாக்கக்கூடும். முதற் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்தடுத்த குழந்தைகளின் சிவப்பணுக்களை அவ்வெதிர்ப்பொருள் அழித்துவிடும். தலைச்சன் பிள்ளை நலமாக வளர, அடுத்தது கடுங்காமாலையுடன் பிறந்து, அதற்கடுத்தது பிறக்குமுன்பே இறந்துபோன குடும்பங்கள் பல. காரணம் அறியாத காலத்தில் அதனை விதி என்றே கொண்டனர்.

1952-இல் மாஞ்செஸ்டர் நகரத்து மருத்துவர் டக்ளஸ் பெவிஸ் ஒரு வழி கண்டார். குழந்தை மிதந்துகொண்டிருக்கும் பனிக்குட நீரில் சிறிதளவை ஊசியால் எடுத்து, அதிலுள்ள மஞ்சள் நிறப்பொருளின் அளவைக் கண்டால், குழந்தையின் நோய் எவ்வளவு முற்றியுள்ளது என்று கூறலாம் என்றார். நியூசிலாந்து நாட்டின் ஆக்லாந்து நகரத்தைச் சேர்ந்த வில்லியம் லைலி 1961-இல் அதனை ஒரு வரைபடமாக்கினார். அவ்வரைபடத்தில் மூன்று மண்டலங்கள் உண்டு. கீழ் மண்டலத்தில் அளவு விழுந்தால் கவலைக்கு இடமில்லை. மேல் மண்டலத்தில் விழுந்தால் உடனே செயற்பட வேண்டும். நடு மண்டலத்தில் விழுந்தால், காத்திருந்து மீண்டும் சோதிக்க வேண்டும்.

அந்த நடு மண்டலத்தை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். ஒரு முறை கிடைத்த எண்ணைக் கொண்டு முடிவு கட்டாமல், ஐயத்துக்கென்று ஓர் இடத்தை அறிவியலே ஒதுக்கி வைத்தது. காத்திருத்தலும் மருத்துவத்தின் ஒரு பகுதி என்பதை அவ்வரைபடம் ஒப்புக்கொண்டது.

லைலி அத்துடன் நிற்கவில்லை. தொடக்க முயற்சிகளில் தோல்வி கண்டும் தளராமல், 1963-இல் கருவறைக்குள் இருந்த குழந்தைக்கே குருதி செலுத்தி அதனைக் காப்பாற்றினார். 1968-இல், தாயின் உடலில் அவ்வெதிர்ப்பொருள் தோன்றாமலே தடுக்கும் ஊசிமருந்து வழக்குக்கு வந்தது. பெவிஸ் நீரைச் சோதித்த ஆண்டிலிருந்து பதினாறே ஆண்டுகளில் அறிதல், ஆற்றுதல், தடுத்தல் என்னும் மூன்று படிகளும் ஏறியாயிற்று. அச்சந்தரும் செய்தி வந்தபோது, அதன் பின்னாலேயே செய்யத்தக்கதும் வந்தது.

ஆனால் எல்லாக் கண்டுபிடிப்பும் இவ்வாறு அமையவில்லை. மனித உயிரணுவில் உள்ள குரோமோசோம்கள் 46 என்று 1956-இல் ட்ஜியோ, லெவான் என்போர் வெளியிட்டனர். மூன்றாண்டுகளுக்குப் பின், 1959-இல், பாரிஸ் நகரத்தில் லெஜூன், மார்த் கோத்தியே, டுர்பின் ஆகிய மூவரும், டவுன் நிலை உடைய குழந்தைகளிடம் 21-ஆம் குரோமோசோம் ஒன்று மிகையாக இருப்பதைக் காட்டினர். 1966-இல் பனிக்குட நீரில் மிதக்கும் உயிரணுக்களை வளர்த்து அவற்றின் குரோமோசோம்களை எண்ணவும் முடிந்தது. இவ்வாறு, அறியலாம், ஆனால் மாற்ற இயலாது என்ற புதிய நிலை ஒன்று பிறந்தது. குருதி நோய் கொண்ட குழந்தைக்காக உள்ளே சென்ற ஊசி, இப்போது விடையைக் கொண்டுவந்து தாயிடம் கொடுத்துவிட்டு, என்ன செய்வது என்பதை அவளிடமே விட்டது.

அதே காலத்தில் கண்ணுக்கும் வழி திறந்தது. இரும்புத் தகட்டில் வெடிப்பு உண்டா என்று ஆராயப் பயன்பட்ட கேளா ஒலிக் கருவியைக் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் அயன் டொனால்டு மனித வயிற்றின்மேல் வைத்துப் பார்த்தார். அவரும் அவருடைய கூட்டாளிகளும் 1958-இல் வெளியிட்ட கட்டுரையே இன்று ஊர்தோறும் உள்ள ஸ்கேனுக்குத் தோற்றுவாய்.

ஊசி போடுவதில் சிறு ஆபத்து உண்டு. டென்மார்க்கில் நடந்து 1986-இல் வெளியான ஆய்வு, ஊசியால் நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு கரு கூடுதலாகக் கலைகிறது என்று கூறியது. தேர்ந்த கைகளில் அவ்வாபத்து இன்று அதனினும் மிகக் குறைவு. எனினும் எல்லாத் தாய்மார்க்கும் ஊசி போடுவது தகாது என்பதால், யாருக்குப் போடுவது என்று பிரித்தறிய வேண்டியதாயிற்று. தாயின் வயது கூடக்கூட டவுன் நிலை மிகுதியாகிறது என்பதை இங்கிலாந்தில் பென்ரோஸ் 1933-லேயே காட்டியிருந்தார். ஆகவே 35 வயது என்று ஓர் எல்லை வகுத்தனர். ஆனால் இளந்தாயர் எண்ணிக்கையில் மிகுதி. அதனால் டவுன் நிலைக் குழந்தைகளுள் பெரும்பாலோர் அவர்களுக்கே பிறந்தனர். வயது ஒன்றே போதாது என்பது விளங்கிற்று.

இங்கே ஒரு தாயின் கேள்வி வரலாற்றில் புகுகிறது. எடின்பரோவில் டேவிட் பிராக் என்பார் 1972-இல், முதுகுத்தண்டும் மூளையும் சரிவர மூடாத குழந்தைகள் இருக்கும்போது, பனிக்குட நீரில் ஒருவகைப் புரதம் மிகுவதைக் கண்டார். பின்னர் தாயின் குருதியிலும் அதனை அளந்தனர். மிகுந்தால் அச்சம், குறைந்தால் அச்சமில்லை என்பது அன்றைய கொள்கை. நியூயார்க்கில் ஒரு தாய்க்கு அப்புரதம் மிகக் குறைவாக இருந்தது. அவளுக்குப் பிறந்த குழந்தையிடம் 18-ஆம் குரோமோசோம் மிகையாக இருந்தது. அந்தக் குறைந்த அளவுக்கும் என் குழந்தையின் நிலைக்கும் தொடர்பு உண்டா என்று அத்தாய் கேட்டாள். இர்வின் மெர்காட்ஸ் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் பழைய பதிவேடுகளைப் புரட்டினர். தொடர்பு இருந்தது. 1984-இல் அவர்கள் அதனை வெளியிட்டனர். 1988-இல் மூன்று பொருள்களை அளந்து, வயதையும் சேர்த்து, இடரைக் கணிக்கும் முறை உருவாயிற்று. துயருற்ற ஒரு தாய் அடங்கிப் போகாமல் கேட்ட கேள்வியே இன்றைய தாளில் உள்ள எண்ணுக்கு வித்து.

அந்த எண்ணின் பொருளை இனிக் காண்போம். 'ஸ்கிரீனிங்' என்பது சலித்தெடுக்கும் வேலை. சல்லடையில் நின்றதெல்லாம் கல்லன்று. கையிலெடுத்துப் பார்த்தே கல் எது, மணி எது என்று அறிகிறோம். அன்றைய முறை, ஆயிரம் தாய்மாருள் ஏறத்தாழ ஐம்பது பேரைத் தனியே நிறுத்தும்படி அமைந்தது. அந்த ஐம்பதின்மருள் டவுன் நிலைக் குழந்தையை உண்மையில் சுமப்பவர் ஒருவரோ இருவரோதான். மற்றையோர் வீணே நடுங்கினர். '250-இல் 1' என்ற எண்ணையும் திருப்பிப் படிக்கலாம்: அத்தகைய 250 தாய்மாருள் 249 பேரின் குழந்தைக்கு அக்குறை இல்லை. எண் ஒன்றே, ஆனால் அதைக் கேட்கும் மனம் வேறாகிறது.

1992-இல் லண்டன் நகரத்தில் நிக்கொலாய்டஸ் குழுவினர் குழந்தையின் பிடரியில் தங்கும் நீரை ஸ்கேனில் அளந்து, ஐயத்தை முன்னமே எழுப்பவும் தணிக்கவும் வழி செய்தனர். 1997-இல் ஆக்ஸ்ஃபோர்டில் டென்னிஸ் லோ, தாயின் குருதியில் கருவின் மரபணுத் துணுக்குகள் கலந்திருப்பதைக் கண்டார். 2011 முதல் அதன் அடிப்படையில் குருதிப் பரிசோதனை வழக்கிலுள்ளது. டவுன் நிலையை அது நூற்றுக்கு 99 என்ற அளவில் பிடித்துவிடுகிறது. ஆயினும் அதுவும் சல்லடையே. பத்தாயிரத்தில் ஒரு குழந்தைக்கு மட்டும் வரும் அரிய குறையை எடுத்துக்கொள்வோம். ஆயிரத்தில் ஒருமுறை மட்டுமே தவறும் பரிசோதனை பத்தாயிரம் தாய்மாருக்குச் செய்யப்பட்டால், உண்மையான எச்சரிக்கை ஒன்று. பொய் எச்சரிக்கை பத்து. மேலும் அத்துணுக்குகள் பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருவன. நஞ்சுக்கொடியில் உள்ள பிழை குழந்தையிடம் இல்லாமலும் இருக்கலாம். ஆகவேதான் இத்தாளை மட்டும் நம்பி எந்த முடிவும் எடுக்கலாகாது, ஊசி வழிப் பரிசோதனையால் உறுதி செய்ய வேண்டும் என்று மருத்துவச் சங்கங்கள் வற்புறுத்துகின்றன.

ஊசிக்குப் பின்னும் காத்திருத்தல் உண்டு. விரைவான விடை சில நாளில் வரலாம். உயிரணுக்களை வளர்த்துக் காணும் முழு விடைக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அமெரிக்கச் சமூகவியலறிஞர் பார்பரா காட்ஸ் ராத்மன் 1986-இல் எழுதிய நூலில் இக்காலத்தை ஆராய்ந்தார். விடை வரும்வரை தாய் தன் கருவோடு ஒட்டியும் ஒட்டாமலும் வாழ்கிறாள் என்று கண்டார். கருவுற்ற செய்தியை உறவினரிடம் சொல்லத் தயங்குகிறாள். வயிற்றில் அசைவு தெரிந்தாலும் அதில் மகிழ அஞ்சுகிறாள். இது மனத்தின் கோழைத்தனமன்று. இழப்பு வருமோ என்று அஞ்சும் அன்பு தன்னைக் காத்துக்கொள்ளும் முறை அது.

அக்காலத்தை எவ்வாறு கடப்பது? ஷெல்டன் ரீட் என்னும் அமெரிக்க அறிஞர் 1947-லேயே மரபணு ஆலோசனை என்ற துறைக்குப் பெயரிட்டார். இன்ன முடிவை எடு என்று சொல்வது ஆலோசகரின் வேலை அன்று. உண்மையை விளக்கிக் குடும்பத்தாரைத் தாமே முடிவெடுக்கச் செய்வதே வேலை என்பது அவர் வகுத்த நெறி. அவ்வழி நின்று, தாள் வந்த வீட்டார் மருத்துவரிடம் சில கேள்விகளைக் கேட்கலாம். இது சலித்தெடுக்கும் பரிசோதனையா, உறுதிப் பரிசோதனையா? கருவின் வயதைச் சரியாகக் கணித்தார்களா? ஏனெனில் நாட்கணக்குப் பிழைத்தால் அளவும் பிழைக்கும். இரட்டைக் கருவா? அடுத்த பரிசோதனை எது, அதன் விடை எந்த நாளில் வரும்? கேள்விகளை எழுதிக்கொண்டு செல்வது நன்று. தாயைத் தனியே அனுப்பாது கணவனோ தாயாரோ உடன் செல்வது அதனினும் நன்று. அச்சத்தில் இருப்பவள் செவியில் பாதிச் சொல்லே விழும். நல்லதையே நினை, அழாதே என்று வாயடைப்பவர்களைவிட, அருகில் அமர்ந்து பேச விடுபவர்களே அவளுக்குத் துணை.

ஐயம் உண்மையாகவே முடிந்தால் என் செய்வது? அப்போதும் அறிதல் முழுவதும் வீணாவதில்லை. இதயக் குறையுள்ள குழந்தையை, பிறந்த உடனே சிகிச்சை தரவல்ல இடத்தில் பிறக்கச் செய்யலாம். முதுகுத்தண்டு மூடாத குழந்தைகளுள் தக்கவர்க்குக் கருவறைக்குள்ளேயே அறுவை செய்வது பயன் தருமென 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. டவுன் நிலை உடையோர் 1983-இல் அமெரிக்காவில் சராசரியாக 25 ஆண்டுகளே வாழ்ந்தனர். இன்று ஏறத்தாழ 60 ஆண்டு வாழ்கின்றனர். குறையின் பெயர் மட்டும் ஒரு வாழ்வின் அளவைச் சொல்லிவிடாது. சில குறைகளோ மிகக் கொடியவை. பிறந்த சில நாட்களுக்கு மேல் உயிர் தங்காதவை. அத்தகைய வேளையில் சட்டத்தின் எல்லைக்குள் பெற்றோர் எடுக்கும் முடிவு எதுவாயினும், அதனைப் பழிக்கும் உரிமை புறத்தார்க்கு இல்லை.

நெடுங்காலம் மருத்துவம் காணாதிருந்தது இரண்டாவது உயிரை. எழுபதாண்டு முயற்சியால் அதனைக் கண்டாயிற்று; அளந்தாயிற்று; சிற்சில போழ்து காத்தும் ஆயிற்று. இன்று கண்ணுக்குத் தப்பிப் போகக்கூடியது முதல் உயிர்: கையில் தாளுடன் மருத்துவமனைப் பலகையில் அமர்ந்திருக்கும் அந்தத் தாய். லைலியின் வரைபடத்தில் நடு மண்டலம் இருந்ததுபோல், நம் பேச்சிலும் ஐயத்துக்கு ஓரிடம் இருக்கட்டும். விடை வருமுன் அவளுக்கு நாம் தீர்ப்புக் கூறாதிருந்தால், காத்திருக்கும் நாட்களின் சுமையில் ஒரு பகுதியையேனும் நாமும் சுமந்தவர்களாவோம்.